மாரீஸ்வரி எடுத்த மேகம்

புரட்டாசி, புதன் இரவு

எந்த மேகம் மழை தரும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என, இந்த வாரம் முழுக்க டேப்லெட்டைக் கொடுத்து வானத்தைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தேன். இன்று காலை சன்னல்களைச் சாத்திவிட்டு, படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். வகுப்பே மேகத்துக்குள் மிதந்தது.

மாரீஸ்வரி எழுந்து வந்து, இன்று காலை அவளே எடுத்த, அடி கறுத்த மேகத்தைத் தொட்டாள்.

"இதுதேன் டீச்சர். இன்னைக்கு மழை வரும்."

"எப்படிச் சொல்ற?"

"முந்தாநாளும் இப்படித்தேன் இருந்துச்சு, பெஞ்சது. மழை பெஞ்சா பட்டாசு காயாது. பட்டாசு ஆலையில அம்மாவ சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிருவாக."

மதியமே மழை பிடித்துக்கொண்டது. பள்ளி விடும்போது அவள் அம்மா நனைந்தபடி வாசலில் நின்றார்.

"தீவாளி சீசன் நேரத்துல இப்படிப் பெஞ்சு கூலி போனா நாங்க என்ன செய்ய, டீச்சர்?"

மாரீஸ்வரி என் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடி, "நாந்தேம்மா எடுத்தேன்" என்று காட்டினாள். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"மேகம் இம்புட்டு அழகாவா இருக்கும்?"

வெளியே இன்னும் தூறுகிறது. நாளை வெயிலடிக்க வேண்டும் என்று நினைப்பதா, வேண்டாம் என்று நினைப்பதா, தெரியவில்லை. கண் சொருகுகிறது.