மாமா ஆள் வைக்கவில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

லிஜா எழுதுகிறேன். எனக்குச் சுகந்தான். மூணாறு மழையில் உங்கள் இருமல் குறைந்ததா?

இங்கே கொல்லயில் ஊரில் தேங்காய் வெட்டக்கூட மாமா ஆள் வைப்பதில்லை, உங்களுக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டுப் பொன்னப்பன் வேலியை நம் பக்கம் தள்ளிப் போட்டார். அவரை அடிக்க ஆள் தருவதாக ஒருவர் இன்று வந்தார்.

“ஆளு எதுக்குலே? என் வேலைய நானே செய்வேனாக்கும்,” என்று மாமா வெட்டுக்கத்தியோடு போனார்.

பெரிதாக ஒன்றுமில்லை அம்மா. பொன்னப்பனுக்கு இரண்டு விரல்தான் போயிற்று, ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

“நீ ஒண்ணும் காணல்ல, மக்கா. கத்தியக் கழுவி வை,” என்றார் மாமா. கழுவினேன். நாளை போலீஸ் கேட்டால் என்ன சொல்ல?

என் அறைக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும், நானே மாட்டிக்கொள்வேன்.

மாமா எழுந்துவிட்டார், நிறுத்துகிறேன். என்னைக் கூட்டிப்போக ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள்.

லிஜா