பின்சீட்டிலிருந்து முள் தெரியாது

ஜூன் 4, புதன்

அக்காவுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. அம்மா எல்லோருக்கும் போன் செய்து சொல்கிறாள். நான் கணக்கில் முதலாவதாக வந்தபோது ஒருவருக்கும் போன் போகவில்லை.

மாலையில் நூலகத்துக்குக் கிளம்பி, வழக்கம்போல முன்கதவைத் திறந்தேன். என் இடத்தில் அப்பா. ஸ்டியரிங்கின் முன்னால் அக்கா. "சின்னது, பின்னாடி ஏறிக்கோ. அக்கா ஓட்டிப் பழகட்டும்" என்றார்.

முன்சீட்டிலிருந்துதான் ஆர்பிஎம் முள் தெரியும். என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று காட்டும் முள். அப்பாவும் நானும் அதைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். பின்சீட்டிலிருந்து அக்காவின் பின்னல்தான் தெரிகிறது.

ஜூன் 8, ஞாயிறு

"பூப்போல ஓட்டுறா பாரு." அப்பா அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். சீக்கிரம் பெரிய கியருக்குப் போய்விடு, முள்ளை ஏறவிடாதே, என்ஜின் நோகாது. இன்று சைக்கிளில் போன ஒரு தாத்தா எங்களை முந்திவிட்டு, திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

பூவாம்.

ஜூன் 13, வெள்ளி

நூலகத்தில், எங்கள் வண்டியில் இருப்பது போன்ற டீசல் என்ஜின் பற்றி ஒரு தடிமனான புத்தகம் கிடைத்தது. நச்சு வாயுவைக் குறைப்பதற்காக, என்ஜின் விட்ட புகையில் ஒரு பங்கை ஒரு வால்வு மறுபடியும் காற்று உள்ளே போகும் குழாய்க்கே அனுப்புகிறதாம். அந்தப் புகையின் கரியும் என்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் அப்பிக்கொள்கின்றன. பக்கத்திலேயே போய்வரும் சின்னச் சின்னப் பயணம், முள் ஏறாத மெதுவான ஓட்டம் — இவற்றில்தான் அதிகம் சேருமாம். அவ்வப்போது என்ஜின் நன்றாகச் சூடாகும்படி தூரமாக ஓட்ட வேண்டும். ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் காலத்தில் மாற்ற வேண்டும்.

அதாவது, பூப்போல ஓட்டக் கூடாது!

அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன். இவ்வளவு சந்தோஷம் ஏன்? அறிவியல் ஆர்வமா? தெரியவில்லை. தெரியும்.

ஜூன் 14, சனி

சாப்பிடும்போது எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினேன். கடைசியில் மட்டும் குரல் உயர்ந்துவிட்டது. "அக்கா ஓட்டுற லட்சணத்துல வண்டி மூச்சடைச்சு நிக்கப் போகுது!"

அக்கா தட்டையே பார்த்தாள். அம்மா, "வயித்தெரிச்சல் புடிச்சவளே, அவ ஒரு நல்லது கண்டா உனக்குப் பொறுக்காதே" என்றாள். அப்பா சிரித்தார். "நீ டாக்டருக்குப் படிக்கிறியா, டீசலுக்குப் படிக்கிறியா?"

வயிற்றெரிச்சல் உண்மைதான். நான் சொன்னதும் உண்மைதான். பொறாமைல சொன்னா உண்மை பொய்யாயிடுமா?

ஜூன் 21, சனி

மேம்பாலத்தில் வண்டி இழுக்கவில்லை. அக்கா மிதிக்க மிதிக்க உறுமுகிறதே தவிர ஏறவில்லை. பின்னால் கரும்புகை, ஹாரன் சத்தம். "நான் ஒண்ணும் பண்ணலப்பா... நான் என்னப்பா பண்ணேன்?" அவள் கழுத்தெல்லாம் வியர்வை.

மேலே இருந்த கண்ணாடியில் அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டா இருந்தேன்?

ஜூன் 22, ஞாயிறு

அக்கா சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டாள். "எனக்கு வேணாம். அவளையே முன்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க."

இதைத்தானே கேட்டேன்? ஏன் சோறு இறங்கவில்லை?

ஜூன் 24, செவ்வாய்

பள்ளி விட்டதும் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். அப்பாவும் அக்காவும் நின்றிருந்தார்கள். மெக்கானிக் மாமா, காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே தார் மாதிரி ஈரக்கரி. நடுவில் என் சுண்டுவிரல் போகும் அளவுக்குத்தான் வழி.

"பாத்தியா!" என்றேன், அக்காவிடம்.

மாமா சுரண்டுவதை நிறுத்தினார். "இந்தப் பொண்ணு எப்போலேர்ந்து ஓட்டுது?"

"இந்த மாசந்தான்" என்றார் அப்பா.

"அப்ப இது அவ கரி இல்ல சார், வருஷக்கணக்கா சேந்தது. வண்டி தெனம் எங்க போகும்?"

"பக்கத்துல நூலகம் வரைக்கும். சின்னதைக் கூட்டிக்கிட்டு."

"போனதும் ஆஃப் பண்ணிருவீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் அலமாரி அலமாரியாகத் தேடி முடிக்கும்வரை அவர் ஏசியைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டபடியே வெளியில் காத்திருப்பார்.

என் கரி. நான் படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பூச்சு.

அக்காதான் பேசினாள். "வேகமா ஓட்டினா இது போயிடுமா மாமா?"

"ஒட்டினது ஒட்டினதுதாம்மா, சுரண்டித்தான் எடுக்கணும். இனிமே சேர்றதைக் கொறைக்கலாம். வாரம் ஒரு தடவை பெரிய ரோட்டுல நல்லா ஓட்டுங்க. சும்மா நிக்கும்போது அணைச்சிடுங்க. ஆயில் மாத்துறதைத் தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா என் தோளை இடித்தாள். "என்ன டீசல் டாக்டர், நூலகக் கரி எப்படி?" அழுகை வந்துவிட்டது. "நீயே ஓட்டுக்கா" என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு

அப்பாவுக்கு இன்று வேலை. அக்காவும் நானும் மட்டும் பெரிய ரோட்டுக்குப் போனோம். "முன்னாடி ஏறுடி. எனக்கு ரோட்டைப் பாக்கவே சரியா இருக்கு, நீ முள்ளைப் பாத்துச் சொல்லு."

"எறங்குதுக்கா, கியரைக் கொற... ம்ம், இப்ப ஏறுது, விடாதே..."

வண்டி பாய்ந்தது. அக்கா கத்தினாள், நானும் கத்தினேன். ஒரு கையால் அவள் ஸ்டியரிங்கைத் திருப்பும் அழகைப் பார்த்தால் இன்னமும் எரிகிறது. எனக்கு எப்போது பதினெட்டு ஆகும்?

ஜூலை 5, சனி

நூலகத்துக்கு நடந்தே போனேன். நான்கு தெருதான்!

ஜூலை 13, ஞாயிறு

அக்காவும் நானும் கிளம்பும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "எனக்கு இன்னிக்கு லீவுதான். நானும் வரட்டுமா?"

முன்கதவுக்குத்தான் கையைக் கொண்டுபோனார். உள்ளே நான் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

பெரிய ரோட்டில் நானும் அக்காவும் பேசிக்கொண்டே போனோம். சிறிது நேரம் கழித்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் அப்பாவின் தலை நீண்டது.

"எவ்ளோல ஓடுது? இங்கேர்ந்து எனக்கு முள்ளே தெரியலையே" என்றார்.

அந்தப் பின்சீட்டுக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.