பழுப்புக் கோடு

மார்ச் 4

அன்பிற்கினிய தங்கை வாத்தியாரம்மாவுக்கு,

நலம்; நலமறிய அவா. என் சென்ற கடிதத்துக்குச் சிவப்பு மையில் பத்துக்கு ஆறு இட்டுத் திருப்பி அனுப்பியிருந்தாய். வழக்கம்போல் பெற்றுக்கொண்டேன்.

ஆய்வகத்தில் குடுவை கழுவ வந்த நான், எவரும் கற்பிக்காமல் தானே படித்து, திசுக்களுக்குச் சாயமேற்றும் நிலைக்கு உயர்ந்ததை நீ அறிவாய். இப்போது அதற்கே ஆபத்து. இன்டர்ஃபெரான் என்பது கிருமியை எதிர்க்கும் புரதம். கிருமி நுழைந்த பின்னரே செல்கள் அதைச் சுரக்கும் என்பது எங்கள் பாடம். அதில் எப்சிலான் என்னும் வகையைத் தேடி, நோயற்ற கருப்பைத் திசுவுக்குச் சாயமேற்றினேன். வெறுமையாக இருக்கவேண்டிய உட்படலத்தில், எப்சிலான் இருப்பதற்கு அடையாளமான பழுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது.

"நோயே இல்லாத திசுவுல இது எப்படிம்மா வரும்? ஸ்லைடை மாத்தி வெச்சுட்டீங்க," என்றார் தலைமை ஆய்வாளர் அம்மையார்.

"வாட்ச்மேன் திருடன் வந்தப்புறமா டூட்டிக்கு வருவாரு?" என்று கேட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுசோதனை. தவறினால் மீண்டும் குடுவைதான். நீயாவது என்னை நம்புகிறாயா?

உன் அக்கா

மார்ச் 9

அக்கா,

கோவிச்சுக்காத. நீதான் மாத்தி வெச்சிருப்ப. உன் பைன்னு நெனச்சு என் ஸ்கூல் பையைத் தூக்கிட்டு வேலைக்குப் போனவதானே நீ? பேசாம மன்னிப்புக் கேட்டுடு. கடிதத்துக்கு அஞ்சு, வாட்ச்மேனுக்காக அரை மார்க் கூட.

தங்கை

மார்ச் 14

தங்கைக்கு,

அம்மையாரே ஸ்லைடுகளின் விவரத்தை மறைத்து, எண் மட்டும் இட்டு எட்டுத் தந்தார். நோயற்ற ஆறிலும் அதே பழுப்புக் கோடு; ஒப்பிட்டுப் பார்க்க அவரே எப்சிலானைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைச் சேர்க்காமல் விட்ட இரண்டிலும் ஒன்றுமில்லை. பிறகு பழைய ஆய்வேடுகளைப் புரட்டினார். மற்ற இன்டர்ஃபெரான்கள் அழைத்தால் வருபவை. எப்சிலானோ அங்கேயே குடியிருந்து, ஹார்மோனுக்கேற்பக் கூடிக் குறைந்து காவல் காப்பது என்று முன்பே எழுதியிருக்கிறார்களாம்.

"படிக்காம பேசிட்டேன். புதுசா வர்றவங்களுக்கு இனிமே நீங்கதான் கத்துக் குடுக்கணும்," என்றார்.

இக்கடிதத்துக்கு மதிப்பெண் வேண்டாம்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

உன் கடிதங்களை வகுப்புல வாசிச்சு, நான் எழுதின பதிலையும் சொன்னேன். "மிஸ், உங்க அக்காவை நீங்க ஏன் நம்பல?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. சிவப்புப் பேனாவை இதோட அனுப்பியிருக்கேன். இதுக்கு நீ மார்க் போடு.

தங்கை

மார்ச் 23

அன்பிற்கினிய தங்கைக்கு,

ஏழு. எஞ்சிய மூன்றைச் சனிக்கிழமை ஆய்வகத்துக்கு நேரில் வந்து பெற்றுக்கொள். நுண்ணோக்கியில் அந்தக் கோட்டைக் காட்டுகிறேன். பேருந்தில் பிறர் பையை மாற்றி எடுத்து வந்துவிடாதே.

உன் அக்கா