நான்கு நாள் மழை

கலஹா
18.11.1996

அன்பு மகள் தவமணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. இங்கு யாவரும் நலம் என்று நீ வெளிநாடு போன இந்த எட்டு வருஷமாக எழுதி வந்தேன், இந்த முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. அம்மா போய் இன்றைக்கு இருபது நாள். அம்மாவுக்கு நோய் வருத்தம் கூடிவிட்டது என்று தந்தி அடித்ததற்கு நீ போனில் சொன்ன பதிலை, கெலிஓயாவில் கடை வைத்திருக்கும் முனாப் நானா பஸ் ஏறி வந்து சொன்னார். மகளுக்குப் பரீட்சை நேரமாம், எண்பது பிள்ளைகளாம், காலநிலையும் புள்ளிவிபரமும் படிப்பிக்க அந்தப் பல்கலைக்கழகத்தில வேற ஆளில்லையாம் என்று சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மழையைப் படிச்சவளுக்கு இந்த மழையில வீட்டுக்கு வரத் தெரியலையா என்று உன் அத்தை ராக்கம்மா செத்த வீட்டில் எல்லோர் முன்னும் கேட்டாள். அவளை அதட்டினேன். ஆனால் எனக்கும் அதே கேள்விதான். கடைசி இரண்டு நாளும் பஸ் சத்தம் கேட்டால் அம்மா வாசலைப் பார்த்தாள். இதை எழுதக் கூடாது என்றிருந்தேன், எழுதிவிட்டேன்.

இன்னொன்று. தோட்டத்து மழையை நாள்தோறும் அளந்து எழுதும் என் கொப்பியை வைத்து, வகுப்புக்கென்று ஒரு பாடத்தாள் எழுதிப் போன வருஷம் அனுப்பியிருந்தாயே, அம்மா அதை அலுமாரியில் சீலைக்கு அடியில் வைத்திருந்தாள். காரியம் முடிந்த பிறகு எடுத்து, இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பகல் வாசித்தேன். நான் நாலாம் வகுப்புதான், ஆனாலும் விளங்கியது. எழுபத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம் ஒன்பது நாள் அளவு இல்லை, அளந்தவரின் கவனக்குறைவு, பக்கத்துத் தோட்டங்களின் சராசரியைப் போட்டு நிரப்பினோம் என்று எழுதியிருக்கிறாய். அளந்தவர் நான். அந்த ஒன்பது நாளும் நீ நெருப்புக்காய்ச்சலில் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாய், நான் வார்ட் விறாந்தையில் படுத்திருந்தேன். உனக்கு ஆறு வயது, ஞாபகம் இருக்காது. மழை பெய்யாவிட்டால் பூச்சியம், அளக்காவிட்டால் கோடு. இதை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. எதையாவது போட்டு வை என்று தோட்டத்துத் துரை சொல்லியும் போடாதவன் நான். நீ போட்டுவிட்டாய்.

அம்மா போன அன்றிலிருந்து நான்கு நாள் மழைமானிப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் போனால் போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது. எந்த நாள் மழை எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும், எல்லாம் ஒரே தண்ணீர். நாலால் வகுத்து எழுது என்று உன் பாடத்தாள் சொல்லும். நான் வகுக்கவில்லை, அளக்கவும் இல்லை. கொண்டுபோய் அவளைப் புதைத்த இடத்தில் தலைமாட்டில் ஊற்றினேன். திரும்பி வந்து கொப்பியில் நான்கு கோடு போட்டேன். அவற்றை எந்தச் சராசரியாலும் நிரப்பாதே. அந்தப் பழைய ஒன்பது கோடுகளையும் திரும்பப் போடு, ஏன் கோடு என்று அந்த எண்பது பிள்ளைகளுக்கும் உன் வாயால் சொல்.

வா என்று எழுத மாட்டேன். சித்திரையில் லீவு கிடைக்கும் என்றாயாம், அது உன் இஷ்டம். அம்மாவின் சீலைகளை அத்தை கேட்டாள், கொடுக்கவில்லை, அலுமாரியில் இருக்கின்றன. பிள்ளையின் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள், நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்னதிலேயே காதுவலி. இன்று காலை மழை இல்லை. பூச்சியம். போய்ப் பார்த்துத்தான் எழுதினேன்.

உன் அப்பா
பழனியாண்டி