மாலை போட்ட படம்

சென்னை,
3-8-1976

அன்புத் தங்கை சரோஜாவுக்கு,

நலம். அம்மாவுக்குக் கால் வலி தேவலையா? உடனே அவளை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பத்திரிகையில் என் வாழ்க்கைக் கதை வரப்போகிறது. எங்கள் நாடகக் கம்பெனிக்கே பெரிய பேர். போட்டோவின் பின்னால் எதுவும் எழுதாதே.

அக்கா வேதா


அடி அண்ணாமலை,
9-8-1976

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வருஷமாக எட்டிப் பார்க்காதவளுக்கு அம்மாவின் முகம் இப்போதாவது தேவைப்பட்டதே! கடையைச் சாத்திவிட்டு டவுனுக்குப் போனோம். அம்மாவுக்கு இதுதான் முதல் போட்டோ. இருப்பதில் நல்ல புடவை, தலை நிறைய பூ. "எம் பொண்ணு பக்கத்துல என் படத்தையும் போடுவாங்களாடி?" என்று போகும்போதும் கேட்டாள், வரும்போதும் கேட்டாள். நாங்கள் இந்த ஊருக்குக் குடிவந்தபோது, வேதா உன் மகள் என்று இங்கே யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவிடம் சொன்னாயே, அதை இன்றுவரை காப்பாற்றுகிறாள். ரேடியோவில் நீ பாடினால் தனக்குள் சிரித்துக்கொள்வதோடு சரி.

சரோஜா


அடி அண்ணாமலை,
30-8-1976

அக்கா,

பத்திரிகை வந்தது. படத்துக்குச் சந்தன மாலை, கீழே குத்துவிளக்கு. ஏழு வயதில் தாயின் பிணத்தருகே உட்கார்ந்து நீ பாடினாயாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மாலை கூடவா தெரியாது? அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. உயிரோடு இருப்பவளுக்கு மாலை போட உனக்கு எப்படி மனசு வந்தது? டீக்கடை முருகையன் படத்தை அடையாளம் கண்டு பத்திரிகைக்கு எழுதிப் போட்டுவிட்டார். விசாரிக்க ஆள் வருகிறதாம். வந்தால் உள்ளதைச் சொல்லப் போகிறேன்.

சரோஜா


சென்னை,
2-9-1976

சரோஜா,

உன் காலில் விழுகிறேன். அந்தக் கதையைக் கட்டியது முதலாளி சக்கரவர்த்தி. அப்போது எனக்குப் பதினான்கு வயது. ஜனங்கள் முதலில் கதையைக் கேட்டு அழுதார்கள், பிறகுதான் என் பாட்டைக் கேட்டார்கள். எவள் படத்தையாவது கொடுத்திருக்கலாம். இன்னொருத்தியை அம்மா என்று காட்ட மனம் வரவில்லை, அதுதான் நான் செய்த தப்பு. பொய் என்று தெரிந்தால் மேடையில் செருப்பு விழும். அம்மாவை இரண்டு நாள் வேங்கிக்காலில் பெரியம்மா வீட்டில் வைத்திரு.

வேதா


அடி அண்ணாமலை,
8-9-1976

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வேங்கிக்காலுக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள். நேற்றுக் காலை நிருபர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே முன்னால் வந்தாள்.

"படத்துல இருக்கறது எங்க அக்காங்க. செத்து ரொம்ப வருஷம் ஆவுது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. முருகையன் ஏமாந்துட்டாரு."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். உன் பேர் தப்பித்தது. அம்மா அழவில்லை, கடையில் போய் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்தாள். சாயங்காலம்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"செத்தவளுக்கு எதுக்குக் கடுதாசி? இனிமே போட வேணாம்னு அவளுக்கு எழுதிடு."

எழுதிவிட்டேன்.

ராஜம்மாளின் மகள்,
சரோஜா