கோவிந்தா பஸ்ஸில் ஒரு கிறிஸ்துமஸ்

நைனா,

இன்று காலை அச்சு முறுக்கு மாவில் முட்டையை உடைத்து ஊற்றினேன். ஏலக்காயோடு சேர்ந்து அந்த வாசனை எழும்பியதும், திருப்பதியில் இந்த வாடகை வீட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக "ஏமைந்தி?" என்று, என்ன ஆச்சு என்று தெலுங்கில் கேட்டார். என்னவென்று சொல்வது? நீ போய் இது இரண்டாவது கிறிஸ்துமஸ். உன் கூத்தைச் சொல்லி முடிக்க ஒரு நாள் போதாது.

அந்த பஸ் கிறிஸ்துமஸ் நடந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா இறந்து நான்கு மாதம். சாவு விழுந்த வீடு, இந்த வருஷம் பண்டிகை கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா இருந்தவரை கிறிஸ்துமஸ் அன்று, சித்தூர் பக்கத்து நம் ஊர் குடிபாலாவில் பாதித் தெரு நம் வீட்டில்தான் இருக்கும். "இந்த வாட்டி நம்ம வூட்டுக்கு யாரும் வர மாட்டாங்களா நைனா?" என்று தினமும் உன்னைப் பிடுங்கி எடுத்தேன். ஒரு நாள் நீ பரண்மேல் ஏறி அச்சு முறுக்குக் கம்பியைத் தேடி எடுத்தாய். முதல் பத்து முறுக்கும் கம்பியை விட்டு வரவே மாட்டேன் என்றன. "அதுங்க உங்கம்மாவத் தேடுது" என்றாய்.

உன் கண்டக்டர் வேலையில் பண்டிகைக்கு லீவும் கிடைக்கவில்லை. விடியற்காலை ஆராதனை முடிந்ததும் என்னையும் டியூட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ். என் சடை ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டு வருஷம் கழித்துப் போட வேண்டிய அளவில் வெள்ளை கவுன். மடியில் முறுக்கு டின். "ஆளு நம்ம வூட்டுக்கு வரலன்னா, ஆளு இருக்கிற எடத்துக்கு நாம போவலாம்" என்றாய்.

பஸ் முழுக்க மஞ்சள் துணி. வேலூர்ப் பக்கத்திலிருந்து திருமலைக்கு விரதமிருந்து போகிறவர்கள். புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் ஸீட் ஸீட்டாகப் போய் ஆளுக்கொரு முறுக்கு கொடுத்துவிட்டேன். அவர்களும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த நீ திடீரென்று விசில் ஊதினாய். பஸ் நின்றது.

"யாரும் துன்னாதீங்க. மாவுல முட்ட போட்டுக்கீறேன். விரதக்காரங்க வருவாங்கன்னு யோசிக்காம பாப்பா கையில குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

வாயருகே போன கைகள் இறங்கின. எல்லாம் டின்னுக்கே திரும்பி வரப்போகிறது, என் பண்டிகை அவ்வளவுதான் என்று எனக்கு உதடு பிதுங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும் உன் முகமும் கோணிப்போனது. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, நைனா. அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

முன் ஸீட்டில் இருந்த விரதக்கார அம்மா ஒருவர் தன் முறுக்கைக் கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டார். "கொயந்த குடுத்தத யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? கீழ ரூம்ல பையோட இதையும் வெச்சிட்டுத்தான் மல ஏறப்போறோம். நாளைக்கி மல எறங்கி வந்து துன்றோம்" என்றார். பிறகு பஸ் முழுக்க முடிச்சும் பொட்டலமும்தான். "பண்டிகைன்னா பாட்டு இல்லியா பாப்பா?" என்று யாரோ கேட்க, ஞாயிறு பள்ளிப் பாட்டை எடுத்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பாட்டு முடிந்ததும் பழக்க தோஷத்தில் மொத்த பஸ்ஸும் "கோவிந்தா" என்றது. நீ டிக்கெட் பையை அணைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாய். சந்திரகிரி வருவதற்குள் அந்த அம்மா என் சடைகளை அவிழ்த்து ஒரே உயரத்தில் பின்னிவிட்டார்.

திரும்பி வரும்போது, "நம்ம வூட்டுக்கு வர்றவங்களவிட இங்க நெறய பேரு நைனா" என்றேன். நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

இப்போதும் யாருக்கு எதை நீட்டினாலும், அதில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நீட்டுகிறேன். அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இன்னொன்றும் இருக்கிறது, உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ் எது என்று யாராவது கேட்டால், நான் வருஷத்தை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நாள் எனக்கு கோவிந்தா பஸ்ஸாகத்தான் நினைவில் இருக்கிறது. அம்மா இல்லாத நாளாகவே நின்றுவிடும் என்றுதானே நீ பயந்தாய், நைனா.