வருசத்துக்கு ஒரு தடவைதானாம்

ஏங்க,

கருவாட்டுக் குழம்பு அடுப்புல இருக்கு, சோறு மட்டும் வடிச்சுக்கங்க. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு பொன்னுமணி அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.

போன வாரம் குரங்கணி போறப்ப ஜீப்புல இருந்து விழுந்து உடைஞ்ச என் லேப்டாப்பை நேத்து தேனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன்ல. கீழ விழுந்தாலும் மாத்தித் தர்ற பிளான் இருக்கு, கொஞ்சம் கட்டினாப் போதும்னு தைரியமாத்தான் போனேன். அங்க இருந்த பொண்ணு, "அக்கா, இந்த பிளான்ல வருசத்துக்கு ஒரு தடவைதான். சித்திரையிலயே உடைஞ்சுபோய் திரை மாத்தியாச்சு. இப்ப முழுச் செலவும் உங்களதுதான்"னு சொல்லுச்சு.

"அது எங்க லேப்டாப்பா இருக்காதும்மா, நல்லாப் பாரு"ன்னு சத்தம் போட்டேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்து, கொண்டு வந்து குடுத்தவர்னு உங்க பேரைச் சொல்லுச்சு.

சித்திரையில நான் அப்பாவோட ஆஸ்பத்திரியில கிடந்தேன். "லேப்டாப்பை சர்வீஸ் பண்ணி வச்சிருக்கேன்"னு நீங்க சொன்னப்ப, இந்த நேரத்துலயும் என் சோலியை நெனச்சிருக்காரேன்னு அம்மாகிட்ட பெருமையடிச்சேன்.

கீழ போட்டதுக்குக் கோவம் இல்லங்க. நேத்து பஸ் ஏத்திவிடும்போதுகூட "பிளான் இருக்குல்ல, கவலைப்படாத"ன்னீங்களே, அதைத்தான் தாங்க முடியல.

என் ஆன்லைன் கிளாசை விட முடியாது. தேவாரத்துல இருக்கிற தங்கச்சி வீட்டுல இருந்து, அவ லேப்டாப்புல எடுக்கிறேன். கூப்பிட வராதீங்க.

பொற்கொடி

பிரசர் மாத்திரை பிரிட்ஜ் மேல இருக்கு.

அன்னைக்கே சொல்லியிருந்தா, உங்களுக்குக் கால்ல கீல்ல அடி படலையேன்னுதான் மொதல்ல கேட்டிருப்பேன்.